முதியோர் குடியிருப்பு: கட்டுவதற்கு முன் கணக்கிடுவோம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரண்டையும் செய்து முடித்து ஓய்ந்தவர்களுக்கு இன்று மூன்றாவதாக ஒரு வீடு தேவைப்படுகின்றது. மக்கள் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட, மாடிப்படி ஏற இயலாமலும், இரவில் துணையின்றியும், சமைக்கத் தெம்பின்றியும் வாழும் முதியோர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள், தமிழ்நாட்டிலோ 10.4 பேர். முதுமை நம் மாநிலத்திற்குப் பிற மாநிலங்கள் பலவற்றை விட முன்னதாகவே வந்துவிட்டது.

தாம்பரத்தைச் சூழ்ந்த பகுதியில் இத்தேவை மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின்னர், நகரத்தில் பணிபுரிந்தோர் பல்லாவரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர் ஆகிய இடங்களில் மனை வாங்கிக் குடியேறினர். அன்று வீடு கட்டியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் இன்று ஓய்வு பெற்றவர்கள். 2021 நவம்பரில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. மனை விலை நகரத்தில் ஏற ஏற, முதியோருக்கான வீடுகள் என்னும் விளம்பரப் பலகைகள் முடிச்சூர், மண்ணிவாக்கம், அகரம்தென், வேங்கைவாசல் போன்ற ஊராட்சிகளை நோக்கி நகர்ந்து வருகின்றன. நிலம் உள்ள விவசாயிகளும், அறநிலையம் நடத்துவோரும், ஊர்ப் பெரியவர்களும், 'நாமே குறைந்த செலவில் இத்தகைய குடியிருப்பு ஒன்றை அமைக்கலாகாதா?' என்று வினவுகின்றனர். அமைக்கலாம். ஆனால் எந்த முறையில் அமைத்தால் அது முதியோருக்குக் கட்டுப்படியாகும், நிலைத்தும் நிற்கும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முன்னோர் வழியும் பிறர் வழியும்

முதியோரைப் பேணும் பொது இல்லங்கள் நமக்குப் புதியன அல்ல. 1782-ஆம் ஆண்டுப் பஞ்ச காலத்தில் வடசென்னையில் கஞ்சித் தொட்டியாகத் தோன்றிய மணியக்காரர் சத்திரம், பிற்காலத்தில் ஆதரவற்ற முதியோரின் இல்லமாக விளங்கிற்று. அதனோடு இணைந்து வளர்ந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. 1978-இல் சாவித்திரி வைத்தி அவர்கள் தோற்றுவித்த விச்ராந்தி இல்லம் தென்சென்னையின் பாலவாக்கத்தில் தொண்டாற்றி வருவதைப் பலரும் அறிவர். கடலூர் மாவட்டத்தில், 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் ஹெல்ப்பேஜ் இந்தியா நிறுவனம் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. ஏறத்தாழ நூறு முதியோர் வாழத்தக்க அவ்விடத்தில் தோட்ட வேலையிலும் நிர்வாகத்திலும் முதியோரே பங்கு கொள்ளுகின்றனர்.

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரில் அரசு வீட்டு வசதிக் கழகம், 55 வயதைக் கடந்தோருக்கு 15 ஆண்டு முதல் 45 ஆண்டு வரையிலான குறுகிய காலக் குத்தகையில் சிறு வீடுகளை வழங்குகின்றது. முழுக் காலத்திற்கும் விலை கொடுக்க வேண்டாமாதலின் செலவு குறைகின்றது. அவ்வீட்டை வெளிச்சந்தையில் விற்க இயலாது. வேண்டாதபோது கழகத்திடமே ஒப்படைத்து, எஞ்சிய காலத்திற்குரிய தொகையைப் பெறலாம். முதியோர் வீடு வாங்கி விற்கும் சரக்காக மாறாமல், அடுத்த முதியவருக்கும் பயன்படுவது இதனால் உறுதியாகின்றது. கூட்டுறவுச் சங்கமோ அறக்கட்டளையோ நிலத்தின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, குடியிருக்கும் உரிமையை மட்டும் அளிக்கும் முறையை நாமும் எண்ணிப் பார்க்கலாம்.

யாருக்காகக் கட்டுகிறோம்?

முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுவே. முதியோரை வசதியின் அடிப்படையில் மூன்று பிரிவாகக் கொள்ளலாம். முதற் பிரிவினர், அரசு உதவித் தொகை ஒன்றையே நம்பி வாழ்பவர்கள். 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித் தொகையிலிருந்து எந்தக் குடியிருப்புக்கும் கட்டணம் செலுத்த இயலாது. இவர்களுக்கு வேண்டியது கட்டணமில்லா இல்லம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007, ஏழை முதியோர் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லம் ஒன்றேனும் ஒவ்வொரு மாவட்டத்திலும் அமைய வேண்டும் எனக் கருதுகின்றது. ஆதரவற்றோரைக் கண்டால் மாவட்டச் சமூக நல அலுவலருக்குத் தெரிவிப்பது ஊராட்சி உறுப்பினர் கடமை. மூன்றாம் பிரிவினர் செல்வர்கள். அவர்களுக்குத் தனியார் கட்டுமான நிறுவனங்கள் உள்ளன.

இடையில் உள்ளவர்களே இரண்டாம் பிரிவினர். சிறு ஓய்வூதியமோ, பணிக்கொடையை வைப்பாக வைத்துப் பெறும் வட்டியோ, நிலம் விற்ற தொகையோ இவர்களிடம் உண்டு. இலவச இல்லத்திற்கு இவர்கள் செல்ல மாட்டார்கள். ஆடம்பரக் குடியிருப்பு இவர்களுக்கு எட்டாது. நாம் கருதும் திட்டம் இவர்களுக்கே உரியது. மூன்று பிரிவினருக்கும் ஒரே கட்டடம் எனத் தொடங்கும் முயற்சி, ஒருவருக்கும் பொருந்தாமல் முடியும்.

எண்ணிக்கை எடுத்தல்

விதைக்கு முன் மண்ணைப் பார்ப்பது போல, கட்டுவதற்கு முன் தேவையைப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள நான்கைந்து ஊராட்சிகளிலும் அருகிலுள்ள நகரப் பகுதியிலும் முதியோர் வாழும் வீடுகளுக்குச் சென்று பின்வருவனவற்றை எழுதிக்கொள்ளலாம்:

1. தனித்து வாழ்பவரா, இணையுடன் வாழ்பவரா?
2. இப்போதைய வீட்டில் உள்ள இடர் யாது? படியா, தனிமையா, சமையலா, மருத்துவமா?
3. மாதந்தோறும் எவ்வளவு செலுத்த இயலும்?
4. இருக்கும் வீட்டை விட்டு வர உண்மையில் விருப்பம் உண்டா?
5. எவ்வளவு தொலைவு வரை வருவார்?

நான்காவது வினா மிக முக்கியமானது. வெளிநாட்டிலுள்ள மகன் பெற்றோருக்கு வீடு வேண்டும் என்பார். பெற்றோரோ வேப்பமரத்தையும் வாசல் திண்ணையையும் விட்டு வர மாட்டோம் என்பர். ஆகவே குடியிருக்கப் போகிறவரிடமே கேட்க வேண்டும். 'நல்ல யோசனை' என்று கூறியவர்களைக் கணக்கில் சேர்த்தலாகாது. சிறு தொகை ஒன்றை அஞ்சலகத்திலோ வங்கியிலோ தம் பெயரிலேயே ஒதுக்கி வைத்து, பெயர் பதிவு செய்துகொண்டவர்களை மட்டுமே எண்ணுதல் வேண்டும். ஆய்வின் முடிவில், பலருக்கு வேண்டியது புதிய வீடன்று, இருக்கும் வீட்டில் ஒரு கைப்பிடியும் பகலுணவும் வாரம் ஒருமுறை ஒரு செவிலியரும் மட்டுமே என்று தெரியவரலாம். அப்போது கட்டடத்தைக் கைவிட்டு அவ்வுதவியைச் செய்வதே அறிவுடைமை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்களை இதற்குத் துணை கொள்ளலாம்.

இடத் தேர்வு

விலை மலிவான மனை பெரும்பாலும் தாழ்வான மனையாகும். 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையைத் தாம்பரம் பகுதி மறக்காது. ஒரு நாளைக் கணக்கில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளைச் சூழ்ந்தது. மக்களைப் படகுகளில் மீட்க வேண்டியதாயிற்று. இளைஞர் மாடிக்கு ஏறித் தப்பலாம். படுக்கையில் கிடக்கும் எண்பது வயது மூதாட்டியை யார் தூக்குவது? ஆதலின் மனையைப் பார்க்கும்போது, 2015-இல் இங்கு நீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அண்டை வீட்டாரிடம் கேட்டுச் சுவரில் குறித்துக்கொள்ள வேண்டும். ஏரி உட்புறம், கால்வாய்ப் புறம்போக்கு, மனைப் பிரிவில் திறந்தவெளிக்கு ஒதுக்கிய நிலம் ஆகியவை தரும காரியத்திற்கென்று கேட்கப்பட்டாலும் கொடுக்கத்தக்கன அல்ல.

இரண்டாவது, தொலைவு. மருத்துவம், பேருந்து, மளிகைக் கடை, வழிபாட்டிடம் இந்நான்கும் அருகில் இருத்தல் வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில், 1928-இல் மருத்துவர் டேவிட் சவரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகின்றது. அருகில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இவற்றுக்கு நேர்ப் பேருந்து இல்லாத இடத்தில் முதியோர் குடியிருப்பு அமைப்பது, அவர்கள் ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்குச் செலவழிக்குமாறு செய்வதாகும்.

பெரும்பாக்கம் ஊராட்சி இதற்கு ஒரு பாடம். நகரின் ஆற்றோரங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கென அங்கு உயர்ந்த அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. கூரை கிடைத்தது, ஆயினும் பழகிய வேலையும் மருத்துவமும் உறவும் தொலைவில் நின்றன. மேல் தளத்தில் வாழும் முதியவருக்கு லிப்டு ஓடாத நாள், வீட்டை விட்டு வெளிவர இயலாத நாளாகும். நம் சிற்றூர்த் திட்டங்கள் தரைத்தளத்தோடும், மிஞ்சினால் முதல் தளத்தோடும் நிற்பது நலம்.

வீட்டின் அமைப்பு

பெரிய வீடு வேண்டுவதில்லை. படுக்கையறையும் கூடமும் சேர்ந்த ஓர் அறை, சிறு சமையலிடம், குளியலறை, ஒரு திண்ணை போதும். செலவைக் குறைக்க வேண்டுமாயின் பரப்பைக் குறைக்கலாம்; பாதுகாப்பைக் குறைத்தலாகாது. வாசலுக்குச் சரிவுப் பாதை வேண்டும். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. கதவின் அகலம் 90 சென்டிமீட்டர் இருப்பின் சக்கர நாற்காலி செல்லும். குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்நோக்கித் திறக்கும் கதவால் பயனில்லை. கழிவறையில் கைப்பிடி, வழுக்காத தரை, படுக்கையிலிருந்தே எட்டும் விளக்குச் சுவிட்சு, இரவில் அழைக்க ஒரு மணி ஆகியவை கட்டும்போதே அமைந்தால் சிறு செலவு. பின்னர் இடித்து அமைத்தால் பெருஞ்செலவு. பொதுவில் ஒரு சமையற்கூடமும், நிழல் மரமும், அமர்ந்து பேச ஓர் இடமும் இருத்தல் வேண்டும்.

மாதச் செலவுக் கணக்கு

கட்டுப்படியாகும் வீடு என்றவுடன் சதுர அடி விலையையே பலரும் பேசுகின்றனர். முதியோர் குடியிருப்பில் விலை கட்டும் நாளோடு முடிவதில்லை, மாதந்தோறும் தொடர்கின்றது. 24 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கீழ்க்காணும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காகக் கொண்டவை. ஒவ்வோர் ஊராரும் தம் ஊர் ஊதியத்தை இட்டு மாற்றிக்கொள்ளலாம்.

பகல், இரவுக் காவலர் இருவர்: 28,000 ரூபாய்
உதவிச் செவிலியர் இருவர்: 32,000 ரூபாய்
துப்புரவுப் பணி: 12,000 ரூபாய்
பொது மின்சாரம், நீரேற்றம்: 12,000 ரூபாய்
பழுது பார்க்கும் சேமநிதி: 12,000 ரூபாய்
மொத்தம்: 96,000 ரூபாய்

24 வீடுகளும் நிரம்பியிருந்தால் வீட்டிற்கு மாதம் 4,000 ரூபாய். 16 வீடுகளே நிரம்பினால் 6,000. பாதி வீடுகள் காலியாயின் 8,000. காவலரும் செவிலியரும் வீடுகள் காலி என்பதற்காகப் பாதி ஊதியம் பெற மாட்டார்கள். கட்டணம் உயர்ந்தால் இருப்பவரும் வெளியேறுவர். வெளியேறினால் கட்டணம் மேலும் உயரும். சிறுகச் சிறுகச் சேவை குறையும். முதலில் நிற்பது இரவுக் காவலாக இருக்கும். எனவே, பெயர் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப முதலில் 12 வீடுகளும், அவற்றுக்கு ஏற்ற சிறு பணியாளர் குழுவும் அமைத்து, நிரம்பிய பின்னர் அடுத்த பகுதியைக் கட்டுவதே நன்று.

முன்பணம் என்னும் மறைந்த வாடகை

வாடகை குறைவு, முன்பணம் மட்டும் கூடுதல் என்பர் சிலர். போக்கியத்திற்கு வீடு பிடித்துப் பழகிய நமக்கு இது எளிதாகத் தோன்றும். இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் ஆண்டுக்கு 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இவ்வட்டியில் 15 இலட்சம் வைத்துள்ள தம்பதியர்க்குச் சராசரியாக மாதம் 10,250 ரூபாய் கிடைக்கும். அதில் 5 இலட்சத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டால் வருமானம் 6,833 ஆகக் குறையும். அதாவது, கண்ணுக்குத் தெரியாத வாடகை மாதம் 3,417 ரூபாய். வாடகை 2,000 என்று சொல்லப்பட்டாலும் உண்மையில் அவர்கள் கொடுப்பது 5,417. நடத்துபவரின் நிலை தளர்ந்தால் அசலும் போகும். எழுபத்தைந்து வயதில் இழந்த பணத்தை மீண்டும் ஈட்ட வழியில்லை.

முன்பணம் வாங்கியே தீர வேண்டுமாயின், அது தனிக் கணக்கில் இருத்தல் வேண்டும். அன்றாடச் செலவிற்கு அதைத் தொடலாகாது. குடியிருப்பவர் விலகினாலோ இறந்தாலோ எத்தனை நாளில், யாரிடம் திருப்பித் தரப்படும் என்பதை எழுத்தில் குறிக்க வேண்டும்.

மக்களுக்கு அறிவித்தல்

வீடுகளை விற்பதாயின் சட்டத்தின் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும். மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் திட்டத்தை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யலாகாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்தின் நிலத்திற்கும் கட்டுமானத்திற்குமே செலவிட வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 விழுக்காட்டிற்கு மேல் பெறுதல் கூடாது. முதியோர் குடியிருப்புகளுக்கென மத்திய அரசு 2019-இல் மாதிரி நெறிமுறைகளையும் வெளியிட்டுள்ளது.

அறிவிப்பைப் பெருஞ்செலவில் செய்ய வேண்டுவதில்லை. ஓய்வூதியம் பெறும் வங்கி, அஞ்சலகம், நூலகம், ஆரம்ப சுகாதார நிலையம், நியாயவிலைக் கடை, ஓய்வூதியர் சங்கம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகிய இடங்களில் ஒரு பக்க அறிவிப்பு போதும். அதில் மாதக் கட்டணம், அதில் அடங்குவன, அடங்காதன, ஆண்டுதோறும் உயரும் அளவு, முன்பணம் திரும்பும் முறை, 2015-இல் நீர் நின்ற உயரம் ஆகியவை பெரிய எழுத்தில் இருக்கட்டும். 'பேருந்து நிலையம் ஐந்தே நிமிடம்' என்று எழுதும் வழக்கம் உண்டு. யாருடைய நடையில் ஐந்து நிமிடம்? எழுபது வயதுடைய ஒருவரை நடக்கச் சொல்லி, அந்நேரத்தை எழுதுவதே நேர்மை. சேர விரும்புவோரை மழைக்காலத்தில் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லலாம். பதினைந்து நாள் தங்கிப் பார்க்க இடம் தரலாம். மனநிறைவோடு குடியிருக்கும் ஒருவர் தம் நண்பரிடம் சொல்லும் சொல்லை விடச் சிறந்த விளம்பரம் இல்லை.

ஊராட்சி உறுப்பினர் கடமை

ஊராட்சியே கட்டடம் கட்ட வேண்டும் என்பதில்லை. நல்ல இடத்தைக் காட்டுதல், தாழ்நிலத்தில் கட்ட முயல்வோரைத் தடுத்தல், சாலை, விளக்கு, குடிநீர் ஆகியவற்றைச் செம்மை செய்தல், நடத்துவோர் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை குடியிருப்போர் கூட்டத்தில் படிக்குமாறு கேட்டல் ஆகியவை ஊராட்சி ஆற்றத்தக்க பணிகள்.

விவசாயப் பெருமக்களுக்கு ஒரு சொல். மனைக்காக நிலத்தை விற்றவரும், மகன் பெயருக்குத் தானமாக எழுதி வைத்தவரும் பின்னர் இருக்க இடமின்றித் தவிப்பதைக் காண்கிறோம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிப்பு மறுக்கப்பட்டால் தீர்ப்பாயத்தின் வழியாக இரத்து செய்விக்கலாம். ஆகவே பத்திரம் எழுதும்போதே அந்நிபந்தனையைத் தெளிவாக எழுதச் செய்யுங்கள். வருவாய்க் கோட்டாட்சியரே அத்தீர்ப்பாயத்தின் தலைவர். தாம்பரத்திலும் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு. சொந்த வீட்டிலேயே உரிமையோடு வாழும் முதியவருக்குப் புதிய குடியிருப்புத் தேவைப்படாது.

அக்டோபர் முதல் நாள் உலக முதியோர் நாள். மறுநாள் கிராம சபை கூடும் நாள். அடுத்த கிராம சபைக்கு முன்னதாக ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டில் தனித்து வாழும் முதியோரின் பெயரையும், மேலே கண்ட ஐந்து வினாக்களுக்கு அவர்கள் கூறும் விடையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வருவார்களாயின், கட்ட வேண்டுமா, எத்தனை கட்ட வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்பவற்றை ஊரே கூடி முடிவு செய்யலாம். கல்லும் மணலும் வாங்குவது அதற்குப் பிந்திய வேலை.